ஹைப்ரிட் பேட்டரி சென்சார் கோளாறு: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஹைப்ரிட் கார் வச்சிருக்கறவங்க, புதுசா இந்த வேலைக்கு வந்த மெக்கானிக் பசங்க எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறத இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். உதாரணத்துக்கு அதிகமா 2004-2009 மாடல் டொயோட்டா பிரியஸ் தான் வரும், ஏன்னா நான் அதிகமா பிரிச்சது அதைத்தான். மத்த கார்ல நம்பர் மாறும், யோசிக்கிற முறை மாறாது.

சிவப்பு முக்கோணம் எரியுது, ஸ்கேன் பண்ணா பி0ஏ80ன்னு கோளாறு கோடு வருது. பேட்டரி மொத்தமா மாத்தணும்னு சொல்றாங்க. உண்மையிலயே போச்சா?

போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அந்த கோடுக்கு கம்பெனி புத்தகத்துல இருக்கிற பேரே 'பேட்டரி பேக்கை மாத்து'ங்கற அர்த்தத்துலதான் இருக்கும், அதனால அதை படிச்சவங்க யாரும் மேற்கொண்டு யோசிக்கிறதில்ல. ஆனா இசியு (பேட்டரிய கவனிக்கிற கம்ப்யூட்டர்) பேட்டரிய தொறந்து பாத்து சொல்லல பாருங்க, அதுக்கு கண்ணு காது எல்லாமே சில மெல்லிசான ஒயரும் நாலஞ்சு சென்சாரும்தான், அந்த ஒயர் பொய் சொன்னா இசியுவும் அதையே நம்பி கோடு போட்டுடும். பி0ஏ80 வந்தா பிளாக்குகளுக்கு (சேத்து அளக்கிற செல் கூட்டங்களுக்கு) நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் அளவுக்கு மேல போச்சுன்னு மட்டும் எடுத்துக்கங்க. வித்தியாசம் செல்லுல இருக்கா, அளக்கிற வழியில இருக்கான்றத நாமதான் கண்டுபிடிக்கணும். எனக்கே முதல் கார்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல மொத்த பேக்கும் போச்சுன்னு எழுதியே குடுத்தாங்க, கடைசியில பாத்தா ஒரே ஒரு சென்ஸ் ஒயரோட (வோல்டேஜ் அளக்கிற ஒயர்) முனை பச்சை பூத்து கிடந்துச்சு. அன்னைலேர்ந்து கோடு பேரை நான் ஒரு புகார் மனுவா மட்டும்தான் படிக்கிறேன், விசாரிக்காம தண்டனை கிடையாது.

அந்த பேட்டரி பொட்டிக்குள்ள அப்படி என்னென்ன சென்சார் இருக்கு?

மூணு வகை தான். வோல்டேஜ் அளக்கிற ஒயர்கள், வெப்பம் அளக்கிற தெர்மிஸ்டர்கள், கரண்ட் அளக்கிற ஒரு சென்சார். இது போக லீக்கேஜ் பாக்குற சர்க்யூட் ஒண்ணு இருக்கும், அது தனியா ஒரு பொருளா இருக்காது, இசியு போர்டுக்குள்ளயே இருக்கும்.

நான் சொன்ன பிரியஸ்ல 28 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 6 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், ஆக 168 செல், செல்லுக்கு 1.2 வோல்ட் வச்சா 201.6 வோல்ட். இசியு ஒவ்வொரு செல்லையும் பாக்குறதில்ல, ரெண்டு ரெண்டு மாட்யூலா சேத்து 14 பிளாக்கா பாக்குது. வெப்பத்துக்கு மாட்யூல்களுக்கு அடியில 3 சென்சார், உள்ள வர்ற காத்துக்கு 1. கரண்ட் சென்சார் ஒண்ணே ஒண்ணு, மெயின் கேபிள் அதோட ஓட்டைக்குள்ள நுழைஞ்சு போகும்.

ஸ்கேனர் மாட்டினதும் முதல்ல என்ன பண்ணணும்?

கோடை அழிக்காதீங்க! பாதி பேர் இந்த எடத்துலதான் கோட்டை விடுறாங்க. கோடு விழுந்த அந்த நொடியில வோல்டேஜ், கரண்ட், வெப்பம், வேகம் எல்லாம் எவ்ளோ இருந்துச்சுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்ல இருக்கும், கோடை அழிச்சா அதுவும் சேந்து போயிடும். எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு அப்புறம் வேற வேலைய பாருங்க. டொயோட்டாவா இருந்தா கோடுக்கு உள்ள இன்னொரு மூணு இலக்க நம்பர் ஒளிஞ்சிருக்கும், சாதாரண ஸ்கேனர் அதை காட்டாது, டெக்ஸ்ட்ரீம் மாதிரி கம்பெனி சாஃப்ட்வேர் காட்டும், அதையும் குறிச்சு வச்சுக்கங்க.

ரெண்டாவது, சின்ன 12 வோல்ட் பேட்டரி. சிரிக்காதீங்க. இசியு எல்லாம் ஓடுறது அதுலதான், அது தள்ளாடினா சம்பந்தமே இல்லாத கோடு அஞ்சாறு ஒரேயடியா வந்து விழும். ராத்திரி பூரா நிறுத்தி வச்ச கார்ல காலையில எதையும் ஆன் பண்ணாம மல்டிமீட்டர் வச்சா 12.4க்கு மேல இருக்கணும், 12க்கு கீழ இருந்தா முதல்ல அதை சரி பண்ணிட்டு வாங்க, மீதிய அப்புறம் பேசலாம்.

நானே பொட்டிய தொறக்கலாமா? பயமா இருக்கு.

பயம் இருக்கிறது நல்லது. ஸ்கேனர்ல பண்ற சோதனை எல்லாத்தையும் யார் வேணா பண்ணலாம், இந்த பக்கத்துல பாதிக்கு மேல அதுதான் இருக்கு. பொட்டிய தொறக்கிறது பயிற்சி உள்ளவங்க வேலை.

தொறக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். கார ஆஃப் பண்ணி, சாவிய தள்ளி வச்சு, 12 வோல்ட் நெகட்டிவ் கழட்டி, 1000 வோல்ட் தாங்குற கையுறை போட்டு சர்வீஸ் பிளக்கை (பேட்டரி சர்க்யூட்டை நடுவுல துண்டிக்கிற பிளக்) எடுத்து அதை உங்க பாக்கெட்லயே வச்சுக்கணும், அப்புறம் இன்வெர்ட்டர் (பேட்டரி கரண்டை மோட்டாருக்கு மாத்தி தர்ற பொட்டி) கெப்பாசிட்டர்ல சார்ஜ் இறங்க 10 நிமிஷம் காத்திருக்கணும். கையுறைய ஒவ்வொரு தடவையும் காத்து அடைச்சு சுருட்டி ஓட்டை இருக்கான்னு பாத்துட்டு போடுங்க. மீட்டரும் கேட் 3 பாதுகாப்பு தரத்துல, 1000 வோல்ட் ரகமா இருக்கணும், மேசை வேலைக்கு வாங்கின மீட்டர் இங்க ஆகாது.

இன்னும் ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்கு தெரியாதது. சர்வீஸ் பிளக்கை எடுத்தா பேட்டரி செத்துடாது, ரெண்டு துண்டா பிரியும் அவ்ளோதான், ஒவ்வொரு துண்டுலயும் ஆளை சாய்க்கிற வோல்டேஜ் அப்படியே இருக்கும். அந்த மெல்லிசு சென்ஸ் ஒயர் வந்து சேர்ற கனெக்டர் பாக்க ரேடியோ கனெக்டர் மாதிரி சாதுவா இருக்கும், ஆனா அதோட ரெண்டு பின்னுக்கு நடுவுல அந்த வோல்டேஜ் நிக்குது. ஹை வோல்டேஜ் கேபிளுக்கு இருக்கிற ஆரஞ்சு கலர் இல்லன்னு தைரியமா தொட்டுடாதீங்க.

ஒரு பிளாக் மட்டும் வோல்டேஜ் கம்மியா காட்டுது. செல் போச்சா, ஒயர் போச்சா, எப்படி பிரிச்சு பாக்கிறது?

இந்த பக்கத்துலயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

லைவ் டேட்டால 14 பிளாக்கையும், கூடவே பேட்டரி கரண்டையும் போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. மூணு நிலைமையில பாக்கணும்: கார் சும்மா நிக்கும்போது, நல்லா அழுத்தி கிளம்பும்போது, பிரேக் பிடிச்சு சார்ஜ் ஏறும்போது.

செல் தளர்ந்திருந்தா அந்த பிளாக் ரெண்டு பக்கமும் ஆடும். இழுக்கும்போது மத்தவங்கள விட கீழ விழும், சார்ஜ் ஏறும்போது மத்தவங்கள விட மேல போகும், கரண்ட் நின்ன பிறகும் உடனே சமமாகாது, மெதுவா நொண்டிக்கிட்டே வரும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிச்சுட்டு தொடர்ந்து இழுத்தா திடீர்னு 1 வோல்டுக்கு மேல தொபுக்குனு விழுந்துச்சுன்னா உள்ள ஒரு செல் காலியாகுதுன்னு அர்த்தம்.

ஒரு செல் உள்ளயே ஷார்ட் ஆயிருந்தா வேற மாதிரி. நின்னாலும் ஓடினாலும் எப்பவும் சுமார் 1.2 வோல்ட் கம்மி, அக்கம்பக்கத்து பிளாக் எல்லாம் ஒழுங்கா இருக்கும்.

இப்ப ஒயர் கதைக்கு வாங்க. பக்கத்து பக்கத்து பிளாக் ரெண்டும் நடுவுல இருக்கிற ஒரே சென்ஸ் ஒயரைத்தான் பங்கு போட்டுக்குது, இவனுக்கு அது முடிவு, அவனுக்கு அது ஆரம்பம். அந்த ஒயர்ல துரு பிடிச்சு அளவு தப்பா வந்தா, இவன் கணக்குல குறையுறது அவன் கணக்குல ஏறும். எல்லாரும் 15.6 வோல்ட்ல இருக்கும்போது 6வது பிளாக் 14.9, 7வது பிளாக் 16.3 காட்டுதுன்னு வைங்க. கூட்டிப் பாருங்க, 31.2. மத்த எந்த ரெண்டு பிளாக்க கூட்டினாலும் அதே 31.2 தான். நிக்கல் பேட்டரில ஒரு செல் கெட்டுப்போனதுக்காக பக்கத்து வீட்டுக்காரன் அதே அளவுக்கு கொழுக்க மாட்டான், அதனால அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி நின்னா நேரா ஒயரைத்தான் சந்தேகப்படணும்.

சில கார்ல அளக்கிற சர்க்யூட் வேற மாதிரி, சின்ன கெப்பாசிட்டரை சார்ஜ் பண்ணி அதை அளக்கும். அங்க ஒயர்ல தடை அதிகமானா ரெண்டு பிளாக்குமே குறைச்சு காட்டும். அப்போ மொத்தமா கூட்டுங்க. 14 பிளாக் கூட்டுத்தொகையும் இன்வெர்ட்டர் பக்கம் காட்டுற பேட்டரி வோல்டேஜும் (மோட்டாருக்காக வோல்டேஜை ஏத்துறதுக்கு முன்னாடி இருக்கிறது) கார் ரெடியில (ஓட்ட தயாரான நிலையில) சும்மா நிக்கும்போது கிட்டத்தட்ட ஒத்து வரணும். இன்வெர்ட்டர் தனக்குன்னு தனி சென்சார் வச்சிருக்கு, அது பேட்டரி சென்ஸ் ஒயரை நம்பி இல்ல. பிளாக் கூட்டுத்தொகை மட்டும் ரெண்டு மூணு வோல்ட் குறையுதுன்னா பேட்டரி நல்லா இருக்கு, அளவுதான் பொய்.

அப்போ ரெண்டு பக்கமும் ஆடினாலே செல் போச்சுன்னு முடிவு பண்ணிடலாமா?

அவசரப்படாதீங்க, அதுல ஒரு வேஷக்காரன் இருக்கான். மாட்யூலை மாட்யூலோட இணைக்கிற செம்பு பட்டை, அதாவது பஸ்பார், அதுல நட்டு லூசா இருந்தாலோ பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருந்தாலோ அதுவும் இழுக்கும்போது குறைச்சும் சார்ஜ்ல கூட்டியும் காட்டும். 10 மில்லி ஓம் தடை இருந்தா போதும், 50 ஆம்ப் இழுத்தா 0.5 வோல்ட் காணாம போகும், 30 ஆம்ப் சார்ஜ்ல 0.3 வோல்ட் கூட காட்டும்.

இதை பிரிக்கிறதுக்கு ரெக்கார்டை கொஞ்சம் உத்து பாக்கணும். தடையா இருந்தா வித்தியாசம் கரண்டோட அப்படியே கைகோத்து நடக்கும், 25 ஆம்ப்ல பாதி, 50 ஆம்ப்ல முழுசு, கரண்ட் ஜீரோ ஆன அதே நொடி வித்தியாசமும் ஜீரோ. செல்லா இருந்தா அப்படி ஒழுங்கா நடக்காது, நேரம் ஆக ஆக மோசமாகும், நின்ன பிறகும் மிச்சம் இருக்கும். நாலஞ்சு எடத்துல வோல்டேஜ் வித்தியாசத்தை கரண்டால வகுத்து பாருங்க, ஒரே நம்பர் திரும்ப திரும்ப வந்தா பஸ்பாரை கழட்ட ரெடியாகலாம்.

பஸ்பார் பச்சையா பூத்திருக்கு. சுத்தம் பண்ணலாமா மாத்தணுமா?

செம்பு பட்டைய சுத்தம் பண்ணலாம், சென்ஸ் ஒயர் பதிச்சிருக்கிற சட்டத்தை முடிஞ்சா மாத்திடுங்க. நிக்கல் மாட்யூல்லேர்ந்து துளித்துளியா கசியுற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தான் இந்த வேலைய பண்ணுது, அது காரம், அதனால வினிகர்ல ஊறவச்சா பட்டை பளிச்சுன்னு வந்துடும், தண்ணில கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க. பட்டைய தனியா கழட்டி வெளிய வச்சு பண்ணணும், பேட்டரி மேல ஊத்தறது கிடையாது. ஒயர் விஷயம் வேற, அந்த பச்சை இன்சுலேஷனுக்குள்ள ஏறி ஒயரை உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கும், வெளிய முனைய மட்டும் தேய்ச்சு விட்டா ஆறு மாசத்துல திரும்ப வரும். அந்த ஒயர் போய் சேர்ற இசியு பக்கத்து கனெக்டரையும் கழட்டி பாருங்க, பின்னு பச்சையா இருந்தா காரம் அது வரைக்கும் நடந்து வந்திருக்கு.

மாட்டும்போது நட்டை முரட்டுத்தனமா முறுக்காதீங்க. அந்த பிரியஸ்ல 5.4 நியூட்டன் மீட்டர் தான், டார்க் ரெஞ்சு இல்லாம கை அளவுல பண்ணா மாட்யூல் போல்ட் சுத்தி உள்ள சீல் போயிடும், அப்புறம் நல்லா இருந்த மாட்யூலும் கசிய ஆரம்பிக்கும், வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான்.

பேட்டரி வெப்பம் மைனஸ் 40ன்னு காட்டுது. என்னது இது?

பிரிச்சு பாக்காமலே சொல்லலாம், சர்க்யூட் எங்கயோ அறுந்திருக்கு. இந்த தெர்மிஸ்டர் சூடாக ஆக தடை குறையுற ரகம், குளிர குளிர தடை ஏறும். ஒயர் அறுந்தா தடை முடிவில்லாம போகும், இசியு அதை 'பயங்கர குளிர்'னு படிச்சு தன் ஸ்கேல்ல இருக்கிற கடைசி நம்பரை காட்டும். ஷார்ட் ஆனா நேர் எதிர், தாங்க முடியாத சூடு காட்டும். கோடுலயும் இது தெரியும், பி0ஏ9டி சர்க்யூட் லோ, பி0ஏ9இ சர்க்யூட் ஹை. இந்த லோ, ஹை ரெண்டும் வோல்டேஜை சொல்றது, வெப்பத்தை இல்ல. லோ வந்தா ஷார்ட், அதாவது சூடு. ஹை வந்தா அறுந்தது, அதாவது குளிர். இதுல குழம்பாதவங்கள நான் பாத்ததில்ல.

சென்சார் போச்சா, ஒயர் போச்சா, இசியு போச்சான்னு கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம். சென்சார் கனெக்டரை கழட்டுங்க, ஸ்கேனர்ல கடைசி குளிர் வரணும். ஒயர் பக்கத்து ரெண்டு பின்னையும் ஒரு ஜம்பர் ஒயரால சேருங்க, கடைசி சூடு வரணும். ரெண்டும் ஒழுங்கா வந்தா ஒயரும் இசியுவும் நல்லா இருக்கு, சென்சாரை மாத்துங்க. வரலன்னா சென்சாரை வாங்கி காசை வீணாக்காதீங்க. அந்த ஜம்பர் வேலைய பண்றதுக்கு முன்னாடி எது தெர்மிஸ்டர் கனெக்டர், எது வோல்டேஜ் சென்ஸ் கனெக்டர்னு ஒயரிங் படத்துல ரெண்டு தடவை பாத்துக்கங்க. மாத்தி சேத்தீங்கன்னா நெருப்பு.

நம்பர் நம்புற மாதிரி இருக்கு, ஆனா சென்சார் பொய் சொல்லுதோன்னு சந்தேகம். எப்படி பிடிக்கிறது?

இதுதான் கஷ்டமான ரகம், கோடே விழாது. ராத்திரி முழுக்க வெயில் படாத எடத்துல நிறுத்திட்டு காலையில கார நகத்தாம வெப்பத்தை மட்டும் படிங்க. பேட்டரி பெரிய கனமான கட்டி, வெளி காத்தோட கொஞ்சம் பின்தங்கி இருக்கலாம், ஆனா சென்சார்கள் தங்களுக்குள்ள ஒத்துப் போகணும், ரெண்டு மூணு டிகிரிக்குள்ள. ஒருத்தன் மட்டும் 8 டிகிரி தள்ளி நின்னா அவன்தான் ஆளு. ஓடி சூடான பிறகு இந்த சோதனை பண்ணாதீங்க, நடுவுல இருக்கிற மாட்யூல் ஓரத்துல இருக்கிறத விட சூடா இருக்கிறது இயற்கை, அதை கோளாறுன்னு நெனச்சுடுவீங்க.

இன்னொரு வழி வேகம். அத்தனை கிலோ உலோகம் ரெண்டு நொடியில 15 டிகிரி ஏறாது. கிராஃப்ல செங்குத்தா குதிச்சா அது வெப்பம் இல்ல, கனெக்டர் ஆடுது.

மூணு சென்சாரும் ஒண்ணா சூடு காட்டுதுன்னா சென்சாரை விட்டுடுங்க, பின் சீட்டு பக்கத்துல இருக்கிற காத்து வாயில் தூசியும் முடியும் அடைச்சிருக்கும், ஃபேனை கழட்டி சுத்தம் பண்ணுங்க.

கரண்ட் சென்சார் கெட்டா என்ன ஆகும்?

சார்ஜ் மீட்டர் பைத்தியம் பிடிச்ச மாதிரி நடந்துக்கும். முழுசா காட்டிட்டு திடீர்னு பாதிக்கு விழும், இல்ல நிறுத்தும்போது ஒண்ணு காலையில ஒண்ணு. பாக்கறவங்க எல்லாரும் பேட்டரி கிழடாயிடுச்சுன்னுதான் சொல்வாங்க, கிழட்டு பேட்டரியும் இப்படி பண்ணும்ங்கறதால அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது.

காரணம் இதுதான். இசியு சார்ஜ் அளவை நேரடியா அளக்கிறதில்ல, உள்ள போன கரண்டையும் வெளிய போன கரண்டையும் கணக்கு எழுதி, மிச்சத்தை வச்சு சொல்லுது, அப்பப்ப வோல்டேஜை பாத்து திருத்திக்கும். கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரியிலயும் 1 ஆம்ப் தப்பா எழுதினா ஒரு மணி நேரத்துல 1 ஆம்ப்-மணி தப்பு. அந்த பிரியஸ் பேட்டரியே மொத்தம் 6.5 ஆம்ப்-மணி தான், அதாவது ஒரு மணி நேர ஓட்டத்துல 15 சதவீதம் போல கணக்கு எங்கயோ போயிடும், அப்புறம் வோல்டேஜை பாத்து முழிச்சுக்கிட்டு ஒரேயடியா திருத்தும், அந்த குதியைத்தான் நீங்க மீட்டர்ல பாக்குறீங்க.

சோதனை சுலபம். இக்னிஷன் ஆன், ஆனா ரெடி போடாதீங்க, மெயின் ரிலே (பேட்டரிய காரோட சேக்குற சுவிட்ச்) தொறந்தே இருக்கும், கரண்ட் போக வழியே இல்ல. அப்ப ஸ்கேனர்ல ஜீரோ வரணும். ஓரிரு ஆம்புக்கு மேல காட்டினா சென்சாரோட ஜீரோ நகந்துடுச்சு. கேபிளை சுத்தி இருக்கிற காந்தப்புலத்தை வச்சு கரண்ட் அளக்கிற இந்த ஹால் சென்சார்கள் பெரும்பாலும் 5 வோல்ட்ல ஓடும், கரண்ட் இல்லாதப்போ நடுவுல, அதாவது 2.5 வோல்ட் கிட்ட நிக்கும், சார்ஜ்ல ஒரு பக்கம் டிஸ்சார்ஜ்ல மறுபக்கம் நகரும். சப்ளை 5 வோல்ட் ஒழுங்கா வருதா, எர்த்து ஒழுங்கா இருக்கான்னு பாக்காம சென்சாரை குத்தம் சொல்லாதீங்க.

ஓட்டும்போதும் பாக்கலாம். அழுத்தி கிளம்பும்போது எல்லா பிளாக்கும் சேந்து வோல்டேஜ் இறங்குது ஆனா கரண்ட் அசையல, அப்படின்னா சென்சார் செத்துடுச்சு. அப்படி வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட் 'சார்ஜ் ஆகுது'ன்னு காட்டினா யாரோ சென்சாரை தலைகீழா மாட்டியிருக்காங்க, மேல அம்புக்குறி இருக்கும் பாருங்க, பேட்டரிய பிரிச்சு மாட்டின பிறகு வர்ற கோளாறுல இது அடிக்கடி நடக்கும். இதுக்கான கோடு பி0ஏபிஎஃப், பி0ஏசி0, பி0ஏசி1, பி0ஏசி2 வரிசையில வரும்.

பி0ஏஏ6 வந்திருக்கு. இதுவும் சென்சார் கோளாறா?

பெரும்பாலும் இல்ல, இது நெசமான லீக்கேஜ், இதை மட்டும் சென்சார் பொய் சொல்லுதுன்னு ஒதுக்கிடாதீங்க. ஹை வோல்டேஜ் பக்கத்துக்கும் கார் பாடிக்கும் நடுவுல இருக்க வேண்டிய இன்சுலேஷன் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். டொயோட்டால உள் நம்பர் 611 வந்தா ஏசி (ஏர் கண்டிஷனர்) பக்கம், 612 பேட்டரி பக்கம், 613 மோட்டார் கியர் பக்கம், 614 மத்த ஹை வோல்டேஜ் ஒயரிங். பேட்டரி பக்கம்னா கசிஞ்ச காரம் அடி தகடு வரைக்கும் ஒழுகியிருக்கும். ஏசி பக்கம்னா எலக்ட்ரிக் கம்ப்ரெசர்ல தப்பான எண்ணெய் ஊத்தியிருக்காங்களான்னு விசாரிங்க, சாதாரண கார் ஏசிக்கு ஊத்துற எண்ணெய் இங்க கரண்டை கடத்தி விட்டுடும். சாதா மல்டிமீட்டர்ல இதை அளக்க முடியாது, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வேணும்.

லித்தியம் பேட்டரி இருக்கிற ஹைப்ரிட்ல இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் தெளிவாவே தெரியும், ஏன்னா அங்க ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா அளக்கிறாங்க. ஒரு செல் சும்மா நிக்கும்போது 3.7 வோல்ட், பக்கத்து செல் ரெண்டும் ஒண்ணு 3.5 ஒண்ணு 3.9ன்னா அந்த அண்ணன் தம்பி கணக்குதான், ஒயரை பாருங்க. லித்தியத்துல ஒரு சிக்கல் கூட வரும், சமன் பண்றதுக்காக இசியு அதே சென்ஸ் ஒயர் வழியா கொஞ்சம் கரண்டை வடிக்கும், ஒயர்ல தடை இருந்தா வடிக்கிற நேரத்துல மட்டும் அளவு கெட்டுப்போகும், அதனால தப்பு வந்து வந்து போகும். பழுதான ஒயரை நம்பி இசியு நல்ல செல்லை வடிச்சு வடிச்சு உண்மையிலயே சமநிலை இல்லாம ஆக்கிடும், இதை லேட்டா கண்டுபிடிச்சா ரெண்டு நோயையும் சேத்து வைத்தியம் பாக்கணும்.

பழைய ஹோண்டா இன்சைட்ல என்ன வித்தியாசம்?

1999ல வந்த முதல் இன்சைட்ல 120 செல், 144 வோல்ட், செல்லுகளை குச்சி மாதிரி ஆறாறா ஒட்டி வச்சிருப்பாங்க. வோல்டேஜ் ரெண்டு குச்சிக்கு ஒரு அளவு. வெப்பத்துக்கு தெர்மிஸ்டர் போக ஒவ்வொரு குச்சி மேலயும் சூடானா தடை எகிறுற பட்டை ஒண்ணு ஒட்டி வரிசையா இணைச்சிருப்பாங்க, எந்த ஒரு செல் சூடானாலும் மொத்த வரிசையோட தடை ஏறும். அந்த பட்டையோட ஸ்க்ரூ லூசானாலும் அதே மாதிரிதான் தெரியும், அதனால பேட்டரி சூடாகுதுன்னு கோடு வந்து, தொட்டு பாத்தா குளிர்ச்சியா இருந்துச்சுன்னா அந்த இணைப்புகள பாருங்க.

மலிவான புளூடூத் ஓபிடி அடாப்டர்ல (காரோட டயக்னாஸ்டிக் சாக்கெட்ல செருகுறது) வர்ற நம்பரை நம்பலாமா?

கோடு படிக்க, சும்மா நிக்கும்போது வோல்டேஜ் பாக்க நம்பலாம். ஓடும்போது எடுத்ததை கொஞ்சம் ஜாக்கிரதையா பாக்கணும், அடாப்டர் மெதுவா கேட்டு மெதுவா வாங்குறதால முதல் பிளாக் படிச்ச நேரத்துல இருந்த கரண்ட் 14வது பிளாக் படிக்கும்போது இருக்காது. எல்லாம் ஒரே நொடி மாதிரி ஸ்கிரீன்ல தெரியும், ஆனா இல்ல. அதனால ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவுல அஞ்சாறு நொடி பிடிச்சு வச்சு எடுத்த அளவை மட்டும் ஒப்பிடுங்க. டாக்டர் பிரியஸ், ஹைப்ரிட் அசிஸ்டென்ட் மாதிரி ஆப்புகள் இந்த பிளாக் வோல்டேஜ் எல்லாம் காட்டும், ஆரம்பத்துக்கு அது போதும்.

எப்பவாவது மட்டும் வருது, ஒர்க்‌ஷாப் கொண்டு போனா ஒழுங்கா இருக்கு.

பல்லு வலி டாக்டர் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி. ஃப்ரீஸ் ஃப்ரேமை நாலஞ்சு தடவை சேத்து வச்சு எது பொதுவா இருக்குன்னு பாருங்க, குளிர்லயா, ஈரத்துலயா, குலுக்கலான ரோட்லயா. வண்டி நின்னபடியே கிராஃபை ஓட விட்டுட்டு 12 வோல்ட் பக்கத்து ஒயர் கட்டை மெதுவா அசைச்சு பாருங்க, எந்த எடத்துல கிராஃப் துள்ளுதோ அங்க நோண்டுங்க. ஆரஞ்சு கேபிளையும் சென்ஸ் ஒயரையும் இப்படி ஆட்டக்கூடாது. கனெக்டர் பின் தளந்திருக்கான்னு அதே அளவு தனி பின்னை செருகி பிடிமானம் பாக்கலாம்.

சென்சாருக்கு பதிலா ஒரு ரெசிஸ்டர் வச்சு ஏமாத்திட்டா?

வேண்டாம்ங்க. எப்பவும் 25 டிகிரின்னு காட்டுற பேட்டரி நெசமா 60ஐ தொடும்போது ஃபேனும் ஓடாது, கரண்டையும் யாரும் குறைக்க மாட்டாங்க.

சென்சார் மாத்தியாச்சு, கோடு திரும்ப வருது.

அளக்காம மாத்தியிருப்பீங்க, கோவிச்சுக்காதீங்க. கரண்ட் சென்சார்னா கனெக்டர்ல சப்ளை, எர்த்து, சிக்னல் மூணையும், தெர்மிஸ்டர்னா சிக்னல், எர்த்து ரெண்டையும் அளந்துட்டு, அதையே இசியு முனையிலயும் அளங்க, ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர் வந்தா ஒயர் நல்லது, அதுக்கப்புறமும் ஸ்கேனர் வேற காட்டினா தான் இசியு. இசியுவ கடைசியா சந்தேகப்படுங்க, ஆனா பின்னு பச்சையா இருந்தா முதல்லயே.

ரிப்பேர் முடிஞ்சுது. எவ்ளோ ஓட்டிப் பாத்துட்டு சரியாச்சுன்னு சொல்லலாம்?

கோடை அழிச்ச உடனே லைட் வராதது ஒண்ணும் நிரூபணம் இல்ல, சில கோடு ரெண்டு பயணத்துல தொடர்ந்து தப்பு தெரிஞ்சாதான் லைட் போடும். நான் பண்றது இப்படி: ஒரு குளிர்ந்த காலை ஸ்டார்ட், அப்புறம் பேட்டரி கீழ இறங்குற வரைக்கும் மெதுவா மின்சாரத்துலயே ஓட்டுறது, அப்புறம் நீளமான இறக்கம் இல்ல தொடர்ந்து பிரேக் பிடிச்சு நல்லா சார்ஜ் ஏத்துறது, மூணுலயும் பிளாக் வோல்டேஜை ரெக்கார்ட் பண்ணி ரிப்பேருக்கு முன்னாடி எடுத்ததோட பக்கத்துல வச்சு பாக்கிறது. பழைய ரெக்கார்ட்ல தனியா பிரிஞ்சு போன அந்த ரெண்டு பிளாக்கோட கிராஃப் கோடும் இப்ப கூட்டத்தோட கலந்து எது எதுன்னு தெரியாம போச்சுன்னா வண்டிய குடுத்துடுவேன். அதே ரெண்டும் கொஞ்சமா விலகி நின்னா கோடு வரலன்னாலும் பொட்டிய திரும்ப தொறந்துடுவேன், ஏன்னா பாதி தேய்ச்ச பின்னு எங்கயோ மிச்சம் இருக்கு.